சௌகரியப் பிரிவில் ஒரு பல் செட்

தையல்காரருக்கு இடது பக்கக் கீழ் ஈறில் ஒரு புண். அரிசிமணி அளவுதான். பல் செட்டின் ஓரம் அந்த இடத்தில் உரசிக்கொண்டே இருந்ததால் வந்த புண். ஓரத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் தீர்ந்துபோகிற சமாச்சாரம். இதைத் தையல்காரர் சொல்லவில்லை. அந்தப் பல் செட்டைச் செய்து கொடுத்த டெக்னீஷியனே சொன்னார். ஆனாலும் அந்தக் காரியம் பதினொரு மாதம் நடந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் செயற்கைப் பல் நல நிலையத்தில் இலவசமாகச் செய்து கொடுத்த செட் அது. முதல் இரண்டு வருஷம் வாயில் இருப்பதே தெரியவில்லை. அப்புறம் மெல்ல ஆட ஆரம்பித்தது. பேசும்போது கீழ்த்தட்டு எழும்பி மேல்தட்டில் இடித்து டக்டக்கென்று சத்தம் போடும். "மிஷின் ஓடுதுன்னு நினைச்சேன், பேசிக்கிட்டுதான் இருக்கீங்களா?" என்று மனைவி அடுக்களையிலிருந்து கேட்பாள். அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. புண் வந்த பிறகு சிரிக்கவும் வலித்தது.

முதலில் தெருமுனையில் இருக்கும் பல் டாக்டரிடம் போனார். அவர் செட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் பொடி எழுத்தில் ஒரு நம்பர் பொறித்திருந்தது. நெருப்பைத் தொட்டவர்போல அதைத் தட்டில் வைத்துவிட்டார்.

"நிலையத்துப் பல்லா இது? முன்னாடியே சொல்ல வேண்டாமா? இது உங்க வாயில இருக்கலாம், ஆனா அவங்க சொத்து. நான் கை வெச்சா என் லைசென்ஸுக்கு ஆபத்து."

ஆகவே தையல்காரர் நிலையத்துக்கே போனார்.

நிலையத்தில் இதற்கென்றே ஒரு சௌகரியப் பிரிவு இருந்தது, மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருந்தது, அது ஊழியர்களின் சௌகரியத்துக்காக. எழுபதை நெருங்கிய முழங்கால்களோடு படியேறி மேலே போனால், நீள பெஞ்சுகளில் கன்னம் ஒடுங்கிய இருபது முப்பது பேர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: "நீங்கள் மெல்லும்வரை நாங்கள் ஓயமாட்டோம்." அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: "பிற்பகல் ஒன்று முதல் மூன்று வரை ஓய்வு."

முகப்பில் இருந்த எழுத்தர் அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், வயது எல்லாம் எழுதியாயிற்று. ஆறாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'பயனாளிக்கும் பற்களுக்கும் உள்ள உறவு.' கொஞ்ச நேரம் யோசித்து, 'சொந்தம்' என்று எழுதிக் கொடுத்தார்.

"நெருங்கின சொந்தமா, தூரத்துச் சொந்தமா?"

"வாயில இருக்குதும்மா."

"அது பக்கத்துல இருக்கறது. நான் கேட்கிறது சொந்தத்தை." அவள் தன் கையாலேயே 'நெருங்கிய' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். "இதுக்கே மூணு பேரோட விண்ணப்பம் திரும்பிப் போச்சு. உங்க நல்லதுக்குத்தான் பெரியவரே சொல்றேன்."

பெஞ்சுக்கு எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு உள்ளேதான் பட்டறை. டெக்னீஷியன் தனியாக உட்கார்ந்திருந்தார். தையல்காரரை அவருக்கு ஞாபகம் இருந்தது. வெளியே வந்து செட்டை வாங்கிப் பார்த்தார். விரலை விட்டு ஈறையும் தடவிப் பார்த்தார்.

"ஈறு வருஷா வருஷம் வத்தும்யா. பல் செட்டு வத்தாது. அதான் லொடலொடன்னு ஆகி ஒரு பக்கமா உட்கார்ந்து குத்துது. இந்த ஓரத்தை ராவிட்டு, உள்பக்கம் ஒரு பூச்சு குடுத்தாப் போதும். ராவறதுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது."

"அப்ப ராவிக் குடுத்துடுங்களேன்."

டெக்னீஷியன் தன் மேஜையில் இருந்த சின்ன மிஷினைத் திரும்பிப் பார்த்தார். அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, உறையின்மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "சௌகரிய எண் இல்லாம இதை ஓட்டக் கூடாதுன்னு உத்தரவு. டாக்டரைப் பார்த்து எண் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கழட்டறப்பல்லாம் பல்லைத் தண்ணியிலயே போட்டு வையுங்க. காய விட்டா கோணிக்கும்."

மூன்று வாரம் கழித்து டாக்டரைப் பார்க்க முறை வந்தது. டாக்டர் வாயைப் பார்க்கவில்லை. மேஜையில் ஓர் அட்டை இருந்தது, அதில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள்.

"சௌகரியங்கிறது ஒரு உணர்வு. உணர்வை அளக்க இது. உங்க அசௌகரியம் எத்தனை?"

தையல்காரர் வாழ்நாள் முழுவதும் அளவு எடுத்தவர். ஆனால் நாடா இல்லாமல் அளவு சொல்லிப் பழக்கமில்லை.

டாக்டர் விளக்கினார். "அஞ்சு வரைக்கும் சொன்னீங்கன்னா, அது பழகாத குறை. வீட்டுக்குப் போய்ப் பழகிக்கணும். எட்டும் அதுக்கு மேலயும் சொன்னீங்கன்னா அது அசௌகரியம் இல்லை, வலி. வலி எங்க பிரிவு கிடையாது. ஆறு, ஏழு ரெண்டும்தான் நம்மளுது."

"அப்ப ஏழுன்னு போட்டுக்குங்க சார்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "நான் சொல்லிக் குடுத்து நீங்க சொன்னா அது என் அசௌகரியம் ஆயிடும். நீங்க உணர்ந்து சொல்லணும். பல்லைக் கடிச்சுப் பாருங்க."

தையல்காரர் உணர்வதற்காகப் பல்லை அழுத்திக் கடித்தார். புண்ணின்மேல் ஓரம் சரியாக இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் அட்டையின் மறுபக்கத்தைத் திருப்பி எதையோ ஒப்பிட்டுப் பார்த்தார்.

"கண்ணீர் வந்தா ஒன்பது," என்றார் வருத்தத்தோடு. "ஏழுல நின்னிருக்கலாம் நீங்க."

வலிப் பிரிவு கீழ்த்தளத்தில். அங்கே இருந்த பெண் டாக்டர் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னாள், வாயையும் பார்த்தாள். பிறகு, "பதினஞ்சு நாள் பல்லை இங்க ஒப்படைச்சுட்டுப் போங்க ஐயா. எதனால வலிக்குதுன்னு கண்டுபிடிக்கணும்," என்றாள்.

"கீழ்ப்பல்லு மட்டும்தானே டாக்டர்?"

"மேலும் கீழும் ஒரே கோப்பு. பிரிக்க முடியாது."

ஒப்படைக்கும் அறையில் இரண்டு தட்டுகளையும் ஒரு காகித உறையில் போட்டு, அரக்கு வைத்து, அலமாரியில் தள்ளினார்கள். தையல்காரர் பதறிப்போய், பல்லில்லாத வாயால் 'தண்ணி, தண்ணி' என்றார். அறைக்காரர் பாவம் என்று ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிப்பதற்கு இல்லை, பல்லுக்கு என்று சைகை காட்டிப் புரியவைக்கப் பெரும்பாடாயிற்று. புரிந்ததும் அறைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "கோப்போட தண்ணி வைக்கிறதா? காகிதம் நனைஞ்சா யார் பொறுப்பு?"

பதினைந்து நாளில் புண் ஆறிவிட்டது. உரச ஒன்றும் இல்லாதபோது ஆறத்தானே செய்யும். டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்லே."

"இங்க?"

"இல்லே."

அவள் முகம் மலர்ந்தது. கோப்பில் பெரிதாக ஒரு முத்திரை குத்தினாள். 'குணமடைந்தார்.' தையல்காரர் கையை நீட்டினார். அவர் நன்றி சொல்கிறார் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு விஷயம் தெரிந்ததும் முகம் மாறியது.

"பல்லா? உங்களுக்கு வலியைக் குடுத்ததே அதுதானேயா. குணமான ஆளுக்கு அதைத் திருப்பிக் குடுத்து மறுபடி வலி வந்துச்சுன்னா, எங்க பதிவேட்டுல என்னன்னு எழுதுவோம்?"

வீட்டில் சோறு குழையத் தொடங்கியது. முதலில் அவருக்கு மட்டும் தனியாகக் குழைத்தாள் மனைவி. நாலு நாள் கழித்து அவள் தட்டிலும் அதே கூழ் இருந்ததைத் தையல்காரர் பார்த்தார். "உனக்கு எதுக்கு?" என்றார். "ரெண்டு பாத்திரம் எவ கழுவறது?" என்றாள் அவள். அவளுக்கு முப்பத்திரண்டு பல்லும் சொந்தப் பல். அன்றைக்கு இருவரும் கரண்டியால் சாப்பிட்டார்கள்.

சாப்பாட்டைவிடப் பெரிய இடி கடையில் விழுந்தது. அளவு எடுக்கும்போது அவர் நாடாவைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்வார், மனைவி முக்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவாள். முப்பது வருஷமாக அப்படித்தான். இப்போது வாயிலிருந்து காற்றும் எச்சிலும் வந்ததே தவிர எண் வரவில்லை. 'இருபத்திரண்டு' என்று அவர் சொன்ன கையை அவள் 'இருபத்தெட்டு' என்று எழுதிவிட்டாள். தபால்காரர் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தபோது விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. அவர் நல்ல மனிதர், திட்டவில்லை. "தபாலை எப்படிண்ணே எடுத்துக் குடுப்பேன்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த சட்டையை வேறு கடையில் கொடுத்தார்.

மனைவி அதற்குப் பிறகு அவர் உதட்டையே பார்த்து எழுதப் பழகினாள். ஒரு மாதத்தில் அவர் பேச்சு உலகத்திலேயே அவளுக்கு மட்டும் தெரிந்த பாஷையாகிவிட்டது. ஆனால் அதற்குள் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் நழுவிவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் நிலையத்திலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. செயற்கைப் பல் வாரம் கொண்டாடுகிறார்கள். முழுக் குணமடைந்த பயனாளி என்ற முறையில் அவர் மேடையேற வேண்டும். "போகலாம்," என்றாள் மனைவி. "பெரிய அதிகாரி வருவாரு. நேரா கேட்டுடலாம்."

அரங்கு நிறைந்திருந்தது. வந்திருந்த பயனாளிகளுக்கு வாசலிலேயே ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்தார்கள். எல்லாரும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இயக்குநர் பேச எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல், நல்ல வரிசையான பல்.

"சில பேர் என்கிட்ட கேட்கிறாங்க, இந்த வருஷம் நீங்க எத்தனை பல் செட்டைச் சரி பண்ணீங்கன்னு. ஒண்ணுகூட இல்லை! பெருமையாவே சொல்றேன். பல்லைச் சரி பண்ணிக்கிட்டே இருந்தா அதுக்கு முடிவே கிடையாது. ஈறு வத்திக்கிட்டே இருக்கும், அவங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. நாங்க வேரைப் பிடிச்சோம். ரெண்டாயிரத்து முந்நூறு பேர் வலியோட வந்தாங்க. இன்னிக்கு ஒருத்தருக்காவது வலி இருக்கா? கேட்டுப் பாருங்க! காரணத்தைக் கண்டுபிடிச்சோம். காரணத்தை வாங்கிப் பூட்டி வெச்சோம். அலமாரி போதலை. அதுக்குத் தனிக் கட்டடம் ஒண்ணு வருது. அதோட அடிக்கல்லை இன்னிக்கு நாட்டப்போறோம்."

கைதட்டப் பல் தேவையில்லையாதலால் அரங்கம் அதிர்ந்தது.

தையல்காரரை மேடைக்கு அழைத்து ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். அவர் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "எம் பல்லக் குழுங்க." யாருக்கும் புரியவில்லை. இன்னும் பலமாக, "எம் பல்லு... எம் பல்லு..." என்றார். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டார். "பல்லாண்டு, பல்லாண்டு என்று நம் நிலையத்தை வாழ்த்துகிறார் பெரியவர்! உணர்ச்சியில் நா தழுதழுக்கிறது!"

மறுபடி கைதட்டல். தையல்காரர் ஆப்பிளோடு கீழே இறங்கினார்.

மனைவி விடவில்லை. இயக்குநர் காருக்குப் போகிற படியிலேயே வழிமறித்தாள். "சார், அவரு வாழ்த்தலை. பல்லைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டாரு. அவரால பேச முடியலை, சாப்பிட முடியலை. அந்த ஓரத்தை ரெண்டு இழுப்பு ராவிக் குடுத்தாப் போதும்."

சுற்றிலும் காமிராக்கள் இருந்தன. இயக்குநர் முகத்தில் கருணை பொங்கியது. "அம்மா, உங்களுக்கு இல்லாததா? இவரோட பல்லை இவருக்கே நினைவுப் பரிசா குடுக்கச் சொல்றேன்." கூட இருந்தவரிடம் திரும்பி, "நல்ல பெட்டியில வெச்சுக் குடுங்கய்யா," என்றார்.

நீலப் பட்டுத்துணி விரித்த பெட்டியில் பல் வந்தது. ராவவில்லை. ஆறு மாதம் வெயில் படுகிற அலமாரியில் உலர்ந்து கிடந்ததில் கீழ்த்தட்டு முறுக்கிக்கொண்டிருந்தது. வாயில் வைத்தால் ஒரு முனை உட்கார்ந்தால் மறுமுனை எழும்பியது. பல்லில்லாமல் இருந்த ஈறும் அதற்குள் இன்னும் வற்றிப்போயிருந்தது. மனைவி இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்துப் பொருத்திப் பார்த்தாள். பிறகு அவளே அதை வெளியே எடுத்தாள்.

மறுநாள் நிலையத்துக்குப் போனார்கள். பட்டறை பூட்டியிருந்தது. டெக்னீஷியன் வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு கிழவர் அழுதார் என்று எண் இல்லாமல் மிஷினை ஓட்டியிருக்கிறார். அதனால் டோக்கனுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இது இனிமே சரிவராது ஐயா. புதுசாத்தான் செய்யணும்."

புதுப் பல் கேட்டு எழுதினார்கள். 'பயனாளியிடம் ஏற்கெனவே பல் செட் உள்ளது' என்று திரும்பி வந்தது. அந்தப் பல் செட் கோணிவிட்டது என்று எழுதினார்கள். 'நினைவுப் பரிசுகளுக்கு நிலையம் பொறுப்பல்ல' என்று வந்தது. மேல்முறையீடு செய்தார்கள். வாய்மொழி விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

விசாரணையில் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர், "உங்க குறையைச் சொல்லுங்க," என்றார்.

தையல்காரர் சொன்னார். எல்லாவற்றையும், முதலிலிருந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரு சொல்றது எனக்குப் புரியும் சார், நான் சொல்றேன்," என்று மனைவி எழுந்தாள்.

"அம்மா, உட்காருங்க. இது வாய்மொழி விசாரணை. பயனாளி வாயாலதான் வரணும். வேற வாய் வந்தா செல்லாது."

"அந்த வாயில பல்லு இல்லைன்னுதானே சார் வந்திருக்கோம்!"

"அதைத்தான் அவர் வாயால கேட்கணும்கிறோம்," என்றார் நடுவில் இருந்தவர். அவருக்குக் கோபமே இல்லை. பொறுமையாக அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு தீர்ப்பை எழுதினார்: 'விண்ணப்பதாரர் குறிப்பிடத்தக்க குறை எதையும் தெரிவிக்கவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.'

அதற்குப் பிறகு தையல்காரர் நிலையத்துக்குப் போகவில்லை. மனைவி இன்னொரு மனு எழுதலாம் என்றபோது, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பேசுவது குறைந்தது. ஆள் வரும்போது மட்டும் எண்களைச் சொல்வார், அவள் எழுதிக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் மிஷின்தான் பேசியது. இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது என்று தன் கால்சட்டையைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை கடை வாசலில் ஒரு பெரிய கார் நின்றது. இறங்கியவர் இயக்குநர். தையல்காரரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. உடம்பில் ஒரு புதுக் கோட்டு.

"பெரியவரே, அவசரம். மத்தியானம் எனக்கு விருது குடுக்கிறாங்க. கோட்டு வேற இடத்துல தெச்சது. கைக்குழியில பிடிக்குது. கையைத் தூக்கவே முடியலை. ஒரு சின்ன இடம், அங்கயே உரசி உரசிச் சிவந்து போச்சு. ஒரு மனுஷன் இதோட எப்படி நாள் முழுக்க இருக்கிறது, சொல்லுங்க?"

தையல்காரர் எழுந்து வந்தார். மனைவி முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்கும் தெரியவில்லை. அவர் கோட்டைக் கழற்றச் சொன்னார். கைக்குழித் தையலைத் தடவிப் பார்த்தார், உள்ளே துணி விட்டிருக்கிறதா என்று பார்த்தார். விட்டிருந்தது. இயக்குநரின் தோளில் சிவந்திருந்த இடத்தையும் சட்டையை விலக்கிப் பார்த்தார். பிறகு மிஷினில் உட்கார்ந்து பிரித்தார், ஒரு நூல் தள்ளித் தைத்தார், இஸ்திரி போட்டுக் கொடுத்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

இயக்குநர் கோட்டைப் போட்டுக் கையைத் தூக்கினார், இறக்கினார், வீசினார். "அடடா! போட்டிருக்கறதே தெரியலையே!"

தையல்காரர் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"தன் பல்லுக்கும் இவ்வளவுதான் வேலை இருந்துச்சுன்னு சொல்றாரு," என்றாள் மனைவி.

இயக்குநர் உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, நம்ம பயனாளி! மேடையில வாழ்த்தினவரு! எப்படி இருக்கீங்க? இப்ப வலி ஏதாவது இருக்கா?"

மனைவி வாயைத் திறந்தாள். ஆனால் கேள்வி தையல்காரரைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அவர் பொய் சொல்லிப் பழகாதவர். நாக்கால் ஈறை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை அசைத்தார்.

"அது போதும்யா எனக்கு," என்றார் இயக்குநர் நிஜமாகவே நெகிழ்ந்து. காரில் ஏறும்போது உதவியாளரிடம் அவர் சொல்வது கடைக்குள் கேட்டது: "மத்தியானம் பேசறதுல இதையும் சேர்த்துக்குங்க. பதினோராவது மாசமும் வலி இல்லை. பயனாளியே நேர்ல சொன்னாரு."

கார் போய்விட்டது. தையல்காரர் தரையில் கிடந்த நூல் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினார்.